அனுமந்தன்பட்டியில் பன்னீர் திராட்சை காய்ந்த விதம்

என் மொட்டை மாடியில் இரண்டு முறை திராட்சை காயப்போட்டேன். இரண்டு முறையும் பூஞ்சை பிடித்தது. கடையில் வாங்கித் தொலைக்கவேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். வாங்கலாம்தான். ஆனால் மதுரை வெயிலில் குடியிருந்துகொண்டு ஒரு பழத்தைக் காயவைக்கத் தெரியவில்லை என்றால் மானம் போகிறது. விடுவதில்லை என்று ஜூலை முதல் வாரத்தில் கிளம்பிவிட்டேன். உத்தமபாளையத்தை ஒட்டிய அனுமந்தன்பட்டியில் ஜமீலா என்பவர் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் திராட்சை உலர்த்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போனில் பேசியிருந்தேன். “வாங்க, ஆனா இது ரெண்டாவது தடவைதான், ஒண்ணும் உறுதியில்ல” என்று சொல்லியே வரச்சொன்னார்.

ஆரப்பாளையத்தில் காலை ஆறு மணி பஸ். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கம்பம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உத்தமபாளையம். சின்னமனூர் தாண்டியதுமே காற்று தொடங்கிவிட்டது. ஜன்னல் ஓரம் உட்காருகிறவர்கள் தலைமுடியைக் கட்டிக்கொள்வது நல்லது, நான் கட்டவில்லை. உத்தமபாளையத்தில் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன்.

“தோட்டத்துல செல்பி எடுக்கத்தான் எல்லாரும் வாராக. நீங்க பழம் காயுறதைப் பாக்கவா வந்தீக?” என்று ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் இறங்கும்போது சாரல் பிடித்திருந்தது. கொடிப் பந்தலுக்குப் பக்கத்தில் கூடாரம் நின்றது. வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் கெட்டி பிளாஸ்டிக் தாள், உள்ளே இரண்டு அடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். ஒரு முனையில் தரையோடு காற்று நுழையும் திறப்பு, மறுமுனையில் உயரத்தில் ஒரு மின்விசிறியும் காற்று வெளியேறும் திறப்பும். ஜமீலாவின் கணவர் சுல்தான் அந்தத் திறப்புகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார். விசிறியும் ஓடவில்லை.

ஜமீலா என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு பழத்தை விரலால் தேய்த்துக் காட்டினார். பன்னீர் திராட்சையின் மேல் மாவு பூசியதுபோல இருப்பது மெழுகு. உள்ளிருக்கும் தண்ணீரை அது வெளியே விடாது. அதனால் ஆப்பசோடா கலந்த கொதிநீரில் கொத்தை ஒரு முக்கு முக்கி எடுக்கிறார்கள். தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுகிறது, தண்ணீருக்கு வழி கிடைக்கிறது. என் மாடியில் நான் இதைச் செய்யவே இல்லை. தெரியாமல்தான் செய்யவில்லை, இருந்தாலும் எரிச்சலாக இருந்தது.

ஜமீலாவின் கண் பழத்தில் இல்லை, வாசலில் கணவர் மேல் இருந்தது. காரணத்தை அவரே சொன்னார். முதல் தடவை காயப்போட்டது முழுக்கப் புளித்துவிட்டது. இதுவும் கெட்டால் கொடியை வெட்டிவிட்டு வாழை போடுவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஜமீலா கையால் நட்டு வளர்த்த கொடி. வாழைக்கன்றுக்குச் சொல்லி வைத்தும் ஆகிவிட்டது.

சுல்தான் பொல்லாதவர் இல்லை. மேகமலையில் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயைச் சூடேற்றி உலர்த்தும் கட்டடத்தில், பல வருஷம் வேலை பார்த்தவர். சூட்டை வெளியே விடக்கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

“வெளிய சாரலடிக்குது. திறந்துவிட்டா ஈரக்காத்து உள்ள வரும், சூடும் போயிரும்” என்றார். கேட்டபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஜமீலா பிளாஸ்டிக் தாளை உள்பக்கம் கையால் வழித்தார். முழங்கை வரை தண்ணீர் ஓடியது.

“இது சாரல் தண்ணி இல்ல, பழத்துல இருந்து வந்தது. எல்லாத்தையும் சாத்திட்டா எங்கிட்டுப் போகும்?”

“ஏலக்காய்க்கு மூடித்தான வைப்போம்.”

“அங்கயும் காய் வேர்க்கும்ல? அப்ப சன்னலை யாரு திறப்பாக?”

சுல்தான் ஓடாத விசிறியை அண்ணாந்து பார்த்தார். “அது மேஸ்திரி வேலை. நான் அடுப்புக்கு விறகு போடுற ஆளு” என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. போய் விசிறியைப் போட்டு, சாத்திய திறப்புகளைத் தானே திறந்தார்.

வெளிக்காற்றில் ஈரம் இருந்தாலும் உள்ளே வந்து சூடானதும் இன்னும் நிறைய ஈரத்தைத் தாங்கும். அதை வாங்கிக்கொண்டு வெளியேற வழி வேண்டும், அவ்வளவுதான். சாரல் உள்ளே தெறிக்காமல் திறப்புக்கு மேல் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டினார்கள். மதியத்துக்குள் தாளில் கோத்திருந்த நீர்த்துளிகள் காணாமல் போயின.

கீழ் அடுக்கில் மூன்று தட்டுப் பழங்களில் புளித்த வாடை வந்துவிட்டது. கழுவித் திரும்பக் காயவைக்கலாமா என்று சுல்தான் கேட்டார். “கூடாது” என்று ஜமீலா மூன்று தட்டையும் எருக்குழியில் கொட்டினார். மேல்தட்டுகள் தப்பின. நான் கிளம்பும்போது சுல்தான் விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன், ஜூலையில் காற்றும் சாரலும் இருக்கும், குடையை நம்பாதீர்கள். தோட்டத்துக்குப் போகுமுன் போனில் கேளுங்கள், கேட்காமல் பழத்தைப் பறிக்காதீர்கள். வீட்டில் காயவைக்கிறவர்கள் சூட்டைப் பற்றி மட்டும் கவலைப்படவேண்டாம். முதலிலேயே சூடு அதிகமானால் தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். காற்று ஓடுகிறதா என்று பாருங்கள். காய்ந்துவிட்டது என்று தோன்றியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, தினமும் குலுக்குங்கள். பாட்டிலின் உள்பக்கம் வேர்த்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். இந்தத் திராட்சையில் கொட்டை இருக்கும், கடைச்சரக்கு மாதிரி இருக்காது. புளிப்பும் இனிப்புமாக எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மாடியில் மூன்றாவது முறை காயப்போட்டிருக்கிறேன். இன்னும் பாட்டிலுக்கு வரவில்லை. பழம் என்ன ஆயிற்று என்று கேட்க நேற்று ஜமீலாவைக் கூப்பிட்டேன். கருத்துச் சுருங்கி நன்றாக வந்துவிட்டதாம். சுல்தான் இருக்கிறாரா என்றேன்.

“இல்லக்கா, கம்பத்துக்குப் போயிருக்காக.”

“வாழைக்கன்று வாங்கவா?”

“பந்தலுக்குக் கம்பி வாங்க.”