வெளியே போட்டிருந்த பெஞ்சு

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஒன்றைச் சொல்ல வந்தால் நாலு குறுக்கே வரும், அதில் இரண்டு மறந்தும் போகும். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் வந்த மகள் மகேசு ஒரு கத்தரிக்கோலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூக்கு மழுங்கி வளைந்த கத்தரி. அடிபட்டு வருகிறவர்களின் துணியை, உடம்பில் கீறாமல் வெட்டி எடுப்பதற்காம். முருங்கைக் கீரை ஆய உட்கார்ந்தவள் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். துடைத்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். பழைய சேலை முந்தியில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் போகிறது. அப்புறம் சேலை போச்சே என்று வருத்தம். கீரை அப்படியே கிடக்கிறது.

மகேசு விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை டாக்டர். ராவும் பகலும் மாறி மாறி டூட்டி. முதுகுவலி வந்துவிட்டது, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. சம்பந்தியம்மாளின் தம்பி சாத்தூரில் கிளினிக் வைத்திருக்கிறார். சர்க்கரை, பிரஷர் பார்க்கிற இடம், பொழுது சாய்ந்தால் பூட்டிவிடலாம். அங்கே வந்துவிடு என்கிறார்கள். மகேசுக்கும் பாதி மனசு இருக்கிறது. "நீ சொல்லும்மா, நீ சொன்னபடி செய்யிறேன். சாயங்காலம் போன் பண்ணுறேன்"னு சொல்லிவிட்டாள். இந்த வயசு வரைக்கும் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. கேட்டதும் கேட்டாள், இதைப் போய்க் கேட்டாள்.

இந்தப் படிப்பில் அவள் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்து விசாரித்தது நினைவு வருகிறது.

"யக்கா, ஒம்மக எதுக்கு டாக்டரு? கண்ணுக்கா, காலுக்கா?"

"எல்லாத்துக்குந்தானாம். வந்து விழுந்த ஒடனே பாக்குறதாம்."

"அப்ப மிச்சத்த வேற ஆளு பாப்பாகளா? நல்ல கூத்துதான். தனியா போர்டு வச்சுப் பொழைக்க முடியாதே!"

மகேசு உள்ளேயிருந்து சிரித்தாள். "சித்தி, வர்றவுக உசுரோட மாடி வார்டுக்குப் போனாத்தான அந்த வேற ஆளுக போர்டுக்கு வேல?" என்றாள். அப்புறம் அவள் சொன்ன ஒரு சொல்லில்தான் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "பத்துப் பேரு ஒண்ணா வந்தா, கத்துறவுகளப் பாத்து ஓடக்கூடாது சித்தி. கத்துறவுகளுக்கு மூச்சு இருக்கு. சும்மா உக்காந்திருக்காகள்ல, அவுகளத்தான் மொதல்ல பாக்கணும். படிப்புலயே இருக்கு."

இதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

முத்துப்பேச்சி மதினி என் அண்ணன் பெண்டாட்டி. அந்தக் காலத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு இரண்டு பேரும் ஒரே வேனில் போவோம். பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம், மருந்து சேலையில் படாமல் இருக்க. மதினி போடுவது அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டை. வேன் ஏறினால் இறங்கும் வரைக்கும் வாய் ஓயாது. "ஒங்கண்ணனாட்டம் இருக்கேனா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக் காட்டுவாள். நான் பேசமாட்டேன் என்று எனக்கு ஊமக்கோட்டான் என்று பேர் வைத்ததும் அவள்தான். "ஏ ஊமக்கோட்டான், தீப் புடிச்சாலாச்சும் வாயத் தொறப்பியா?" என்பாள். வேனே சிரிக்கும்.

ஒரு நாள் பிடித்தது. சீசன் நேரம், ஆர்டர் அவசரம். அடுத்த ரூமில் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடினோம். மதினி புகைக்குள்ளே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டாள். எனக்கு இடது கை விரல்கள் வெந்தன, அவ்வளவுதான். ஆனால் கத்தினேன். பிறந்ததிலிருந்து கத்தாததை எல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

லோடு ஏற்றுகிற வேனில்தான் எங்களை ஏற்றினார்கள். மதினிக்கு நெஞ்சில் வெந்திருந்தது. வேனில் ஆம்பளைகள் இருந்தார்கள். அவள் சட்டையை விலக்கவிடவில்லை, இழுத்து மூடிக்கொண்டாள். கூட வந்த பெண்கள் அவள் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கழுத்து வரைக்கும் பித்தான் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் வேறு எப்படிச் செய்வார்கள்?

டவுன் ஆஸ்பத்திரியில் அன்று இருந்தது ஒரே டாக்டர், பல்லுக்குப் பார்க்கிறவர் என்று பின்னால் சொன்னார்கள். பாவம், அவர் யாரைப் பார்ப்பார்? கத்திய என் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். மதினி சுவரோரம் ஒழுங்காகப் பித்தான் போட்டுக்கொண்டு நின்றாள். மூக்கு நுனியில் மட்டும் கரி. எங்கள் எல்லார் முகத்திலும்தான் கரி.

"கூட வந்தவங்க எல்லாம் வெளியே இருங்கம்மா" என்றார் டாக்டர்.

மதினி வெளியே போனாள். வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரோ கவனித்துச் சத்தம் போடுகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு சீட்டு எழுதி மதுரைக்கு ஏற்றினார்கள். வழியில் கள்ளிக்குடி தாண்டவில்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது என்றார்கள்.

அன்றைக்குப் பாக்கியம் போன பிறகு இதை மகேசிடம் சொன்னேன். "அத்த கொரலு எப்படிம்மா இருந்துச்சு? கம்முன மாதிரி இருந்துச்சா? கம்முனாலே தொண்ட வீங்கப் போகுதுன்னு நாங்க மூச்சுக்குக் கொழா போட்டுருவோம்மா" என்றாள். அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

இன்று மத்தியானமே முடிவு செய்துவிட்டேன், கிளினிக்குக்கே வந்துரு தாயி என்று சொல்லிவிடுவதாக. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நிற்கிற பிழைப்பு எனக்கு இனி முடியாது. அவளும் எம்புட்டு நாள்தான் ஓடுவாள்? வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

போன் வந்தது.

"சாப்புட்டியாம்மா? இப்பப் பேச முடியாது. நாலு வண்டி வருதாம், பட்டாசு ஆக்சிடென்ட்டு. வச்சிரவா?"

சொல்லி வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "வெளிய உக்காந்திருக்கவுகளையும் பாரு தாயி" என்றேன்.

"மொதல்ல அங்கனதாம்மா போவேன்." வைத்துவிட்டாள். பதில் அதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்த வேன் இல்லை. ஆஸ்பத்திரியைக் கண்ணாடிக் கதவு வைத்துக் கட்டிவிட்டார்கள், அந்தப் பெஞ்சும் போய்விட்டது. அண்ணனும் போய்விட்டான். என்னை ஊமக்கோட்டான் என்று கூப்பிட இப்போது யாருமில்லை.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். டாக்டர் போகச் சொன்னதும் மதினி "சரிங்கய்யா" என்று சொன்னதாக எனக்கு நினைவு. வேனில் வந்த இன்னொருத்தி, அவள் வாயே திறக்கவில்லை என்கிறாள். அன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் இதைப் படித்தால், அவள் சொன்னாளா, சொன்னாள் என்றால் குரல் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மகள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.