உப்பளத் தெருவில் ரண ஜன்னி ஊசி

கேளம்பாக்கம் உப்பளத்தை ஒட்டிய தெருவில் மார்கரெட் நர்சம்மா வருவது தெரிந்தால் ஆண்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். எழுபத்தாறில் வந்த பழக்கம் அது. எமர்ஜென்சி நடந்த அந்த வருஷம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துத் தராவிட்டால் வேலை போய்விடும் என்று மேலிடத்தில் மிரட்டினார்கள். கணவனை இழந்து இரண்டு பெண்களை வளர்த்துவந்த மார்கரெட் வீடு வீடாக அலைந்தாள். உப்பு வாரும் காசிநாதனைப் பேசிப் பேசி முகாமுக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். அவனுக்கு ஒரே மகன். மறு ஆடியில் அந்தப் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனது.

எழுபத்தொன்பதில் கர்ப்பிணிகளுக்கான ரண ஜன்னித் தடுப்பூசி, அதாவது டெட்டனஸ் ஊசி, அவள் கைக்கு வந்தது. காசிநாதனின் தம்பி மனைவி லோகநாயகிக்கு அப்போது ஆறு மாதம். ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மார்கரெட் போனாள். காசிநாதன் வாசலை மறித்து நின்றான்.

"இன்னா ஊசி இது?"

"தாய்க்கு ரெண்டு தபா போட்டா, பொறக்கிற கொழந்தைக்கும் ஜன்னி வராதுப்பா."

"அன்னிக்கும் நல்லதுன்னுதான சொன்ன." அவன் குரலை உயர்த்தவில்லை. "இந்த வூட்ல ஒரு கொழந்தையாவது தங்கட்டும். நீ போம்மா."

அவனுக்குப் பின்னால் லோகநாயகி நின்றாள். மார்கரெட் பிளாஸ்க்கோடு திரும்பினாள். அதன்பின் நான்கு முறை போனாள். நான்கு முறையும் கதவு சாத்தியிருந்தது.

வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பல் வைத்தார்கள். ஏழாம் நாள் லோகநாயகியின் கணவன் முனிசாமி ஓடிவந்தான்.

"கொழந்த பால் குடிக்கல நர்சம்மா. வாயே தொறக்க மாட்டேங்குது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் ரண ஜன்னி என்று மார்கரெட்டுக்குப் புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தாள். கை இறுகி மூடியிருந்தது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்கள். ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் குழந்தை விறைத்தது. ஹாரன் அடிக்காமல் போகச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினாள். அவரும் முடிந்தவரை அப்படியே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்த காசிநாதன் தலையைத் தூக்காமலே கேட்டான்:

"அந்த ஊசி போட்டிருந்தா பொழச்சிருக்குமா?"

"தெரியலப்பா" என்றாள் மார்கரெட். தெரியும். ஆனால் குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மாதம் ஒன்று போனது. லோகநாயகி தானாகவே துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். பக்கத்து வீட்டு ஜெய்புன்னிசாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"இவளுக்கு ஏழு மாசம். ஊசியப் போடு நர்சம்மா. அவங்க மாமியாகிட்ட நான் பேசிட்டேன்."

அந்த வாரம் ஊசி மருந்து இல்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனதில், இருந்த மருந்தெல்லாம் கெட்டுப்போயிருந்தது. வியாழக்கிழமை வந்துவிடும் என்றாள் மார்கரெட். அந்த வியாழன் மருந்து வரவில்லை, அடுத்த வியாழனும் வரவில்லை. லோகநாயகி இரண்டு முறையும் அந்தப் பெண்ணோடு வந்து, வெயிலில் நின்று, திரும்பிப் போனாள்.

மருந்து வந்து சேர்ந்தபோது ஜெய்புன்னிசா பிரசவத்துக்குக் கருங்குழியில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவளுக்கு ஊசி போடச் சொல்லி அந்த ஊர் நர்சுக்கு மார்கரெட் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள்.