சினிமாக் கொட்டகையில் ஏற்றிய காந்தம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சின்னமனூரில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. விஞ்ஞானம் என் பாடம். ஆறாம் வகுப்புக்குக் காந்தம் நடத்த வேண்டிய அன்று அலமாரியிலிருந்த மரப்பெட்டியைத் திறந்து இரண்டு சட்டக் காந்தங்களை எடுத்தேன். மேசையில் கொட்டிய குண்டூசிகளில் ஒன்றைக்கூட அவை தூக்கவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

யாரோ வடமுனையோடு வடமுனை சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒத்த முனைகள் அருகருகே கிடந்தால் ஒன்றையொன்று எதிர்த்து நாளடைவில் பலம் போய்விடும். போனதைத் திரும்ப ஏற்றவும் வழி உண்டு. எஃகுச் சட்டத்தின்மேல் கம்பியைச் சுற்றி, அதில் ஒரே திசையில் மின்சாரத்தை ஓடவிட வேண்டும். ஆனால் பள்ளியில் மின்சாரம் ஏது? ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸில்தான் எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் இருந்தன. வகுப்பையே அங்கே அழைத்துப்போக அனுமதி கேட்டேன். பகலில் போய்ப் பகலில் திரும்ப வேண்டும், வீடுகளில் சம்மதிக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை.

மறுநாள் காலை, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டு அம்மாள் ஒருவர் பள்ளிக்கு வந்துவிட்டார். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்கும் பெண்ணின் தாய்.

“கொட்டகைக்குப் பொம்பளப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாக, டீச்சர்? இந்த வருசத்தோட படிப்ப நிறுத்திரணும்னு இவ அப்பா ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருக்காக.”

“படம் பாக்கப் போகலம்மா. நீங்களும் கூட வாங்க. பிடிக்கலேன்னா அங்கனயே பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்க.”

அவர் வந்தார். கூடாரத்துக்குள் முகத்தைச் சுளித்தபடி நின்றார். படம் ஓட்டுகிறவர் எஞ்சினைக் கிளப்பினார். காந்தச் சட்டத்தின்மேல் கம்பியைச் சுருளாகச் சுற்றியது பிள்ளைகள்தான். புரொஜெக்டர் விளக்குக்குப் போகும் கம்பியின் இடையில் அதை இணைத்தோம். விளக்கு எரிந்தால் அதே மின்சாரம் சுருளின் வழியாகவும் போகும். சற்று நேரத்தில் சுருள் சுட்டது. நிறுத்தச் சொன்னேன். சட்டத்தை உருவிக் குண்டூசிகள்மேல் நீட்டியதும் அவை கொத்தாக ஏறி ஒட்டின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நெருங்கி வந்து பார்த்தார்கள்.

அந்த அம்மாள் தம் இடுப்புச் சாவிக்கொத்தைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனார். வெடுக்கென்று இழுத்ததும் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் நீட்டினார்.

“டைனமோக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“அதுலயும் காந்தந்தாம்மா. காந்தத்துக்கு நடுவுல கம்பிச்சுருள் சுத்தும்போது கரண்டு வரும்.”

“கரண்டு விட்டாக் காந்தம்ங்கிறீக. காந்தத்த வச்சுத்தான் கரண்டுங்கிறீக. அப்ப மொதல்ல எது வந்துச்சு?”

பயிற்சிப் பள்ளியில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. படித்ததையெல்லாம் மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். எஞ்சின் நின்ற பிறகும் டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். மறுபடி சுற்றும்போது அதிலிருந்து சிறிது மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் காந்தத்தைக் கூட்டும், கூடிய காந்தம் மின்சாரத்தைக் கூட்டும்.

“அப்ப அந்தக் கொஞ்சம் எங்கருந்து வந்துச்சு?” என்றாள் அவர் மகள்.

“செஞ்ச எடத்துலயே ஏத்திருப்பாக,” என்றேன். “பூமியே ஒரு பெரிய காந்தம். சும்மா கெடக்குற இரும்புலகூட அதனால லேசா ஏறும்.”

தாயும் மகளும் காலடி மண்ணை ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

திரும்பும்போது அந்த அம்மாள் என்னோடு பேசவில்லை. மகளோடுதான் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். வாரக் கடைசியில் அந்தப் பெண்ணின் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். மகளின் படிப்பை நிறுத்துவதாகச் சொல்லத்தான் வருகிறார் என்று பயந்தேன். அவர் வாசலில் நின்றபடியே பேசினார்.

“வீட்ல ரெண்டு பேரும் எதையோ பேசி மண்டைய ஒடைக்கிறாக, டீச்சர். எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவ எட்டாவது வரைக்கும் படிக்கட்டும்.”