கறுவாத் தண்ணீர்

கணவரின் கண் மஞ்சளாகியிருந்ததை முதலில் கண்டது நான்தான். வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவரை ஜன்னலடிக்கு இழுத்துப்போய்ப் பார்த்தேன். ஒரு கிழமையாகவே பசியில்லை, களைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டோர்ட்மண்ட் குளிரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றே ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். பிலிரூபின் (கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும் பித்தச் சாயம்) பல மடங்கு ஏறியிருந்தது. கிருமித்தொற்று இல்லை, பித்தக்கல்லும் இல்லை. "எவ்வளவு குடிப்பார்?" என்று டொக்டர் கேட்டார். பியர்ப் போத்தலைத் தொட்டறியாத மனுசன்! எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"வேறு மருந்து, மூலிகை ஏதாவது எடுக்கிறாரா?" மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் சீனி வருத்தத்துக்கான குளிசைகளை மட்டும் சொன்னேன். அவற்றை நிறுத்தி இன்சுலின் போட்டார்கள். ஆறு நாளாகியும் பிலிரூபின் அளவு ஏறிக்கொண்டே போனது. இப்படியே போனால் மாற்று ஈரல் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னார்.

ஏழாம் நாள் பின்னேரம், வழக்கம்போலச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவருக்கு ஊற்றினேன். கட்டில் விரிக்க வந்த தாதி மணந்து பார்த்துச் சிரித்தாள். "அட, கிறிஸ்மஸ் கேக் வாசம்!"

கறுவா (இலவங்கப்பட்டை). கனடாவிலிருக்கும் தங்கை, "அக்கா, சீனிக்குக் கறுவாவைப் போல ஒண்டுமில்லை, காலமையும் பின்னேரமும் குடுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லி எட்டு மாதம். ஊர்க் கறுவாப்பட்டை முடிந்ததும் ஜெர்மன் கடையில், கேக் சாமான் தட்டிலிருந்து தூள் வாங்கினேன். கறுவா எல்லாம் கறுவாதானே! சமையல் சாமானை மருந்தென்று யாராவது டொக்டரிடம் சொல்வார்களா? ஆஸ்பத்திரியில் அது கிடையாதே என்று இங்கேயும் கொண்டுவந்தேன், ஒரு நாளும் தவறவில்லை.

டொக்டர் வந்து போத்தலை மணந்தார்.

"தினமும் எத்தனை கரண்டி?"

"நாலு."

டொக்டர் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடைத்தூள் வேறு மரத்துப் பட்டை, அதில் கூமரின் (இயல்பாகவே உள்ள ஒரு வாசப்பொருள், சிலருடைய ஈரலுக்கு ஒத்துக்கொள்ளாது) மிக அதிகம், உங்கள் ஊர்க் கறுவாவில் மிகக் குறைவு என்றார். மனுசனைக் காப்பாற்ற ஓடித் திரிந்தவளும் நான், நஞ்சைத் துவாயில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தவளும் நான்.

நிறுத்திய ஐந்தாம் நாள் அளவு இறங்கத் தொடங்கியது. கண் வெளுக்க இரண்டு மாதமாயிற்று.

கறுவா கூடாது என்று எழுதவில்லை. இறைச்சிக் கறிக்கு இன்றும் போடுகிறேன். ஆனால் மருந்தென்று நினைத்து எதைக் குடித்தாலும், அது அடுப்படிச் சாமானாக இருந்தாலும், கேட்காமலே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள்.

எங்கள் காலம் இப்போது ஒரு இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுக்குத்தான் நகர்கிறது. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர்" என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் என் கையால் கொடுத்த எதையும் என்னவென்று கேட்டுக் குடித்தவரல்ல. நேற்றுத் தேத்தண்ணீரை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"இதுக்குள்ள என்னப்பா போட்டனீர்?"

"தேயிலையும் பாலும்தான்" என்றேன். அதற்குப் பிறகுதான் குடித்தார்.