மாமியாருக்கு நான் எடுத்த மோதிரப் பாடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. எனக்கு ஊர் ஈரோடு. சன்னிவேலில் மென்பொருள் வேலை. கூட வேலை பார்த்த ஒருவரையே கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகியிருந்தது. அவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இளம் வயதில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். அப்பா காலமாகி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

காலையில் கோயிலில் தாலி, மாலையில் மோதிரம் என்று பேசி வைத்திருந்தோம். தாலி அம்மாவின் பொறுப்பு. மோதிரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் குடும்பத்துக்குப் பொருத்தமாக, அயர்லாந்தின் பழைய பாணியான கெல்டிக் மோதிரம்தான் என்று தீர்மானித்ததும் நான்தான். எதைத் தொட்டாலும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் விடுவேன், அது என் சுபாவம். முனையே தெரியாமல் ஓடும் பின்னலுக்கு என்ன அர்த்தம், மூன்று முனை முடிச்சுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாவற்றையும் ஸ்ப்ரெட்ஷீட் போட்டு வைத்திருந்தேன். அம்மா ஃபோனில், "ஒரு மோதரம் வாங்கறதுக்கு இத்தன படிப்பா கண்ணு?" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் மாமியார் வீட்டில் சாப்பாடு. அப்போது இன்னும் மாமியார் ஆகவில்லை, இருந்தாலும் இப்போதே அப்படிச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். அயர்லாந்தில் பிறந்து வளர்ந்த பெண்மணிக்கு, ஈரோட்டுக்காரி நான் அயர்லாந்து மோதிரங்களைப் பற்றி இருபது நிமிடம் வகுப்பு எடுத்தேன். அவர் நடுநடுவே "அப்படியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ரசித்துக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அவர் இடது கை மோதிரம் கண்ணில் பட்டது. இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே சின்னக் கிரீடம். என் பட்டியலில் முதலில் இருந்ததே அதுதான். கைகள் நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம் என்று கடகடவென ஒப்பித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா நீங்க இதைத் தப்பா போட்டிருக்கீங்களே! கல்யாணம் ஆனவங்களுக்கு இதயத்தோட முனை உள்பக்கம் பாக்கணும். உங்களோடது விரல் நுனியைப் பாக்குது. இந்தக் கணக்குப்படி உங்களுக்கு இன்னும் நிச்சயதார்த்தம்தான் ஆகியிருக்கு!"

ஆங்கிலத்தில் இதைச் சொல்லிவிட்டு நானே பலமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமியார் மோதிரத்தை ஒரு முறை பார்த்தார். எழுந்து, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அப்பா இறந்த பிறகு அந்த மோதிரத்தைப் பற்றி வீட்டில் யாருமே வாய் திறந்ததில்லை என்று என்னவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அது ஏன் அப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியாதாம்.

எனக்கு இன்னொரு நாள் நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் ஆபீஸில் ஓர் அமெரிக்கர், என் நெற்றிப் பொட்டைக் காட்டி அதன் 'உண்மையான' தத்துவத்தை எனக்கே விளக்கியிருந்தார். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தேன். அதையேதான் இப்போது நான் இவருக்குச் செய்திருக்கிறேன், அதுவும் கணவரை இழந்தவரிடம். இந்தக் கல்யாணமே ஆரம்பத்திலேயே கசந்துவிடுமோ என்று பயம் வந்தது. நீ போக வேண்டாம், நான் பேசுகிறேன் என்றார் என்னவர். நான் கேட்கவில்லை. தப்பு செய்தது நான், நான்தான் போக வேண்டும்.

மாமியார் எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சுக்கோங்க. படிச்சதைச் சொல்லணும்ங்கற ஆசையில, யார்கிட்ட பேசறோம்னு பாக்காம பேசிட்டேன்" என்றேன். அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "எங்க கல்யாணத்தன்னிக்கு சர்ச்சில அவருக்குக் கை அப்படி நடுங்குச்சு. அவசரத்துல தலைகீழா மாட்டிவிட்டுட்டார். சாயங்காலம் போட்டோ எடுக்கும்போதுதான் பாத்தோம். அவர் முகம் சுருங்கிப் போச்சு. நீங்க போட்டது போட்டபடியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும், 'இன்னிக்காவது திருப்பிப் போடட்டுமா?'ன்னு கேப்பார். விடவே மாட்டேன். போன வருஷத்தோட அந்தக் கேள்வியும் போச்சு. இன்னிக்கு நீ சொன்னதும் அவர் குரல் கேட்ட மாதிரி ஆயிடுச்சு. அதான் எழுந்து வந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தெட்டு வருஷம் நிச்சயதார்த்தத்துலயே குடும்பம் நடத்திட்டோம் போல!" என்று சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு, "எங்க கூட நகைக்கடைக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். "பாடம் எடுக்க மாட்டேன்னா வர்றேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனோம். ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்கவே இல்லை. இந்தப் பின்னல்களைக் கல்லிலும் ஏட்டிலும் போட்ட பழைய காலத்துக்காரர்கள் அர்த்தம் எதையும் எழுதி வைக்கவில்லை, பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொண்டதுதான் என்று கடைக்காரரே சொன்னார். ஒரே கோடு வளைந்து வளைந்து சுற்றி வரும் மோதிரம் ஒன்றை வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "அட, நம்ம சிக்குக் கோலமாட்ட இருக்குது!" என்றாள். மாமியார் என்னவென்று கேட்டார். பையில் கிடந்த ஒரு பழைய பில் பேப்பரின் பின்புறம் புள்ளி வைத்து, ஒரு சின்னக் கோலம் போட்டுக் காட்டினேன். அவர் அதையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதையே எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டோம்.

மோதிரங்களுக்கு அர்த்தம் கேட்டால் இன்றும் தடுமாறாமல் சொல்வேன், அந்தத் திமிர் போகவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் விரலில் ஒன்று இருந்தால், 'இது உங்களுக்கு எப்படி வந்தது?' என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை என் வாயைத் திறப்பதில்லை.