பாலம் எங்கே என்று கேட்டவள்

பெலிபிரெக் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது ருமியானா செகோவாவிடம் திட்டு வாங்கித்தான் அதைக் கற்றிருப்பார்கள். பழைய சிவப்புக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "கண்ணாடியைப் பாரு. உன் மூஞ்சியை இல்லை, பின்னாடி வர்ற லாரியை" என்பாள். கோபக்காரி என்று பெயர். ஆனால் அவளிடம் கற்றவர்கள் பிள்ளைகளையும் அவளிடமே அனுப்பினார்கள்.

அரசியலுக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஊர் வக்கீல் வெனெலின் குர்தேவ்தான் ஒருநாள் வந்து, கட்சியின் வேட்பாளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவனும் அவளிடம் வண்டி பழகியவன்.

"சும்மா பேருக்குத்தான் அக்கா. பட்டியல்ல ஆறாவது இடம். ஆறாவது இடத்துலேர்ந்து எவனாவது ஜெயிச்சிருக்கானா? ஊர்ல உங்களைத் தெரியாதவங்க இல்லை, அதான்."

"பேருக்குத்தானே? எழுதிக்கோ."

தேர்தலில் அந்தக் கட்சி யாரும் நினைக்காத அளவுக்கு ஜெயித்தது. பட்டியலின் தலையில் இருந்த குர்தேவ் சாலைத் துறை மந்திரியானான். மந்திரியானவர் பதவியில் இருக்கும்வரை அவருடைய சபை நாற்காலியில் பட்டியலில் அடுத்து நிற்பவர் உட்கார வேண்டும். அடுத்து நின்றவர் மகளோடு ஜெர்மனி போய்விட்டார். அதற்கடுத்தவருக்கு மாவு மில்லை விட்டு வர மனமில்லை. இப்படி ஒவ்வொருவராகத் தட்டிக்கழிக்க, நாற்காலி ருமியானாவிடம் வந்து நின்றது.

"போய் உக்காந்துட்டு வா. கார்லதான் எப்பவும் உக்காந்திருக்கே, அங்கே காலை நீட்டிக்கலாம்" என்றான் கணவன் இலாரியோன். அவனுக்குத் தேனீக்கள் உண்டு. உலகத்தில் வேறெதுவும் அவனை அவசரப்படுத்தியதில்லை.

தலைநகர் சோஃபியாவில் வெள்ளிக்கிழமை என்றால் மந்திரிகளைக் கேள்வி கேட்கும் நாள். முதல் வெள்ளியன்று கட்சிக் கொறடா தபாகோவ் அவள் கையில் ஒரு தாளைத் திணித்தார். வடக்குச் சாலைகள் எவ்வளவு தூரம் செப்பனிடப்பட்டன என்ற கேள்வி அதில் இருந்தது. அவள் எழுந்து படித்தாள். குர்தேவ் புன்னகையோடு எழுந்து, தன் கையிலிருந்த தாளைப் படித்தான். கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் கொறடாவைப் பிடித்தாள். "பதில் ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கீங்களே. அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேள்வி கேக்கறது உங்க வேலை, ருமியானா அம்மா. என்ன கேள்வின்னு யோசிக்கறது எங்க வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவளுக்குக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் மந்திரியைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டு, அரைமணியில் சிற்றுண்டிச்சாலையில் அவரோடு உட்கார்ந்து பானிட்ஸா தின்றார்கள். விடையில் திருப்தியா என்று சபாநாயகர் கேட்டால், ஆளுங்கட்சிக்காரர்கள் கேள்வி முடியுமுன்பே திருப்தி என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் விடை தொடங்குமுன்பே திருப்தியில்லை என்றார்கள். இதில் பாதை எது, எதிர்ப்பாதை எது என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை.

க்ருஷோபோல் விவகாரம் வந்தது அந்தக் குளிர்காலத்தில்தான். பெலிபிரெக்குக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற கிராமம் அது. பழைய பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து, ரொட்டி வண்டி முதல் மருத்துவ வண்டி வரை மலையைச் சுற்றித்தான் அங்கே போகவேண்டியிருந்தது. கிராமத் தலைவர் ஸ்தமென் ஒரு ஞாயிறு அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மந்திரி மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கே. எங்க பாலம் என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

நியாயமாகத்தான் பட்டது. கொறடாவிடம் சொல்லாமல் அவளே கேள்வியை எழுதிக் கொடுத்தாள். க்ருஷோபோல் பாலம் எப்போது கட்டப்படும்? அவ்வளவுதான்.

அந்த வெள்ளி குர்தேவ் எழுந்து தாளைப் பிரித்தான். "மாண்புமிகு உறுப்பினருக்கு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். க்ருஷோபோல் பாலம் கட்டி முடிக்கப்பட்டு, கடந்த இலையுதிர் காலத்திலிருந்து போக்குவரத்தில் இருக்கிறது."

ருமியானா நின்றபடியே நின்றாள். போன ஞாயிறுகூட அந்த ஆற்றைப் பார்த்திருந்தாள். பார்த்தாளா? பனிமூட்டம் இருந்ததே. மந்திரி சபையில் நின்று பொய் சொல்வானா? அதுவும் கூப்பிடு தூரத்தில் வளர்ந்த பையன்?

"விடையில் திருப்தியா, உறுப்பினரே?" என்றார் சபாநாயகர்.

"தெரியலைங்க" என்றாள்.

சபையில் இருந்த சொற்பப் பேரும் சிரித்தார்கள். அவைக்குறிப்பு எழுதுகிறவர் தலையைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

நடைபாதைக்கு வந்ததும் இலாரியோனுக்குப் போன் போட்டாள். "ஆத்தங்கரைக்குப் போய்ப் பாலம் இருக்கான்னு பாரு."

"எந்தப் பாலம்?"

"பாரேன், சொல்றேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். "தண்ணி போயிட்டிருக்கு. ரெண்டு வாத்து நீந்துது. பாலம் இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

ஊருக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசம். க்ருஷோபோல்காரர்கள் தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். ஸ்தமென் மரியாதைக்குக்கூடத் தொப்பியைக் கழற்றவில்லை.

"பாலத்தைத் தின்னுட்டானுங்க. நீயும் சேர்ந்து தின்னியா, இல்லை எலும்பு மட்டும்தான் கிடைச்சுதா?"

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக, தான் யார் பக்கம் நிற்கிறோம் என்ற சந்தேகம் வந்தது. தின்றிருப்பார்களோ? தெரியாமல் தானே அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டோமோ?

இரண்டு நாள் கழித்து ஒரு தெரியாத பெண் போன் செய்தாள். குரலில் தெற்கத்திப் பேச்சு. "நெவியானா பேசறேங்க, க்ருஷோபோல்ல கடை வச்சிருக்கேன். எங்க பாலத்தைப் பத்தி சபையில கேட்டீங்களாமே. எங்களைப் பத்தி இதுவரைக்கும் யாரும் அங்கே பேசினதில்லை. நன்றி சொல்லலாம்னுதான்."

"எந்த க்ருஷோபோல்?"

"எந்த க்ருஷோபோல்னா? எங்க க்ருஷோபோல்தான். புகையிலை மலைக்குப் பின்னாடி."

ருமியானா வண்டிப் பாடங்களை ஒத்திவைத்துவிட்டு நாட்டின் மறுகோடிக்குச் சிவப்புக் காரை விரட்டினாள். அங்கே நிஜமாகவே ஒரு பாலம் நின்றது. இரண்டு லாரிகள் எதிரெதிரே போகலாம். விளக்குக் கம்பங்கள் வேறு. கீழே ஓடியது ஓர் ஓடை. பாவாடையை லேசாகத் தூக்கிக்கொண்டால் தாண்டிவிடலாம். கைப்பிடிச் சுவரில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நாங்க கேட்டது டாக்டர்ங்க. வந்தது பாலம்" என்றாள் நெவியானா. "தப்பா வந்திருக்குமோன்னு முதல்ல எங்களுக்கும் சந்தேகம்தான். ஆனா கொடுத்ததை வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா? இப்போ கல்யாணத்துக்கெல்லாம் இதுமேலதான் ஆடறோம். எங்க ஊர்லயே சமதளமான இடம் இதுதான்."

அவள் கொடுத்த பீன்ஸ் சூப்பைக் குடித்தபடி ருமியானா பாலத்தைப் பார்த்தாள். கோபப்படத்தான் வந்திருந்தாள். ஆனால் யார்மேல் படுவது? பாலத்தின்மேல் ஒரு கிழவர் வேண்டுமென்றே இக்கரைக்கும் அக்கரைக்கும் உலாவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.

சோஃபியாவில் விஷயத்தைச் சொன்னதும் கொறடா கதவைச் சாத்தினார்.

"இதைச் சபையில கேக்கப் போறீங்களா? யோசிச்சுப் பாருங்க. பேர் மாறிப்போச்சுன்னு வெளியே தெரிஞ்சா குர்தேவ் பதவி போகும். பதவி போனா அவர் எங்கே வருவார்?"

"எங்கே வருவார்?"

"உங்க நாற்காலிக்கு. நீங்க வீட்டுக்கு. உக்காந்திருக்கற கிளையை நீங்களே வெட்டுவீங்களா அம்மா?"

அன்று மதியம் சிற்றுண்டிச்சாலையில் குர்தேவே அவள் மேசைக்கு வந்தான். மெய்க்காவலனைத் தள்ளி நிற்கச் சொன்னான். இளைத்திருந்தான்.

"டேய், உன் மாமியார் வீட்டுக்கே அந்த ஆத்தைத் தாண்டித்தானேடா போகணும்?" என்றாள் ருமியானா. "பாலம் இருக்கா இல்லையான்னு உனக்குத் தெரியாதா?"

"மந்திரியானதுலேர்ந்து நான் எங்கேக்கா போனேன்? கட்டி முடிச்சாச்சுன்னு தாள்ல இருந்தது. படிச்சதும் சந்தோஷமாகூட இருந்தது, நம்ம ஊருக்கு ஒண்ணு நடந்திருக்கேன்னு." ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டான். "நான் கேட்டா அதிகாரிங்க எனக்குப் பழைய தாளையே திருப்பிக் கொடுக்கறாங்க. நீங்க சபையில கேளுங்க. நீங்க கேட்டாத்தான் எனக்கே பதில் கிடைக்கும்."

"உன் பதவி?"

"தெரியலைக்கா. எனக்கு எதுவுமே தெரியலை."

சத்தியமாகச் சொல்கிறானா, வக்கீல் புத்தியில் எதையாவது கணக்குப் போடுகிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டாள். கடைசியில், ஸ்தமெனின் தலையை விட்டு இறங்காத அந்தத் தொப்பிதான் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை எழுந்து கேட்டாள். "மந்திரி சொன்ன பாலம் எந்த க்ருஷோபோல்ல இருக்கு? நான் ரெண்டையும் பார்த்துட்டு வந்திருக்கேன்." தெற்கத்தி ஊரில் பாலம் இருக்கிறது, ஆறு இல்லை, வடக்கத்தி ஊரில் ஆறு இருக்கிறது, பாலம் இல்லை என்றாள். எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. அவள் வரிசையில் எல்லோரும் போனைப் பார்த்தார்கள். குர்தேவ் ஆராய்ந்து பதிலளிப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"திருப்தியா?"

"இல்லைங்க."

மந்திரி மாற்றம் அடுத்த மாதமே வந்தது. ஆனால் பாலத்துக்காக அல்ல. கூட்டணிக் கட்சி ஒன்று முறுக்கிக்கொண்டு சாலைத் துறையைக் கேட்டது; கொடுத்தார்கள். பாலத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. குர்தேவ் தன் நாற்காலிக்குத் திரும்பினான், ருமியானா தன் காருக்கு. தான் ஜெயித்தோமா தோற்றோமா என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அக்கரை க்ருஷோபோல்காரர்களோ, அவள் கேட்டதால்தான் மந்திரியை விரட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பன்றித் தொடையும் பிளம் சாராயமும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

வசந்தத்தில் ஒரு வெள்ளி, வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண உறுப்பினர் குர்தேவ் எழுந்து, புதிய மந்திரியைக் கேட்டான்: க்ருஷோபோல் பாலம் எப்போது கட்டப்படும்?

புதிய மந்திரி தாளைப் பிரித்தார். "மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். க்ருஷோபோல் பாலம் கட்டி முடிக்கப்பட்டு..."

இலாரியோன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபோதும் ருமியானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்ற குர்தேவைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

அதற்கடுத்த கோடையில் ஒரு காலை, ஆற்றங்கரையில் லாரிகள் வந்து நின்றன. யார் அனுப்பினார்கள் என்று பொறியாளரிடம் கேட்டாள்.

"மேலேர்ந்து சொன்னாங்கம்மா."

"மேலன்னா யாரு?"

அவர் வானத்தைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், அளவெடுக்கப் போய்விட்டார்.

பாலம் எழும்பியது. புதிய மந்திரி தன் சாதனை என்றார். குர்தேவ் தன் கேள்வி என்றான். உள்ளூர்ப் பாதிரியார் தன் ஜெபம் என்றார். ஸ்தமென் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்னு நான் சொல்லுவேன். நிஜமான்னு கேக்காதே" என்றார்.

விழாக் கூட்டம் கலைந்த பிறகு ருமியானாவும் இலாரியோனும் தேன்கூட்டுப் பெட்டிகளை அக்கரைப் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். பாலத்தின் நடுவில் அவள் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள்.

"என்ன பாக்கறே?"

"எதனால வந்ததுன்னு பாக்கறேன்."

"தண்ணியில எழுதியிருக்கா? ஏறு, பூச்சிங்க சூட்டுல தவிக்குது" என்றான் இலாரியோன். அவள் ஏறிக்கொண்டாள்.