தூணைத் தட்டிப் பார்த்த நாட்கள்

நிற்கிற கட்டடத்தைப் பார்த்து, அது எப்படி விழும் என்று யோசிப்பதுதான் எங்கள் தொழில். படித்தது சிவில் இன்ஜினியரிங். குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு தில்லிக்கு வெளிநாட்டு நிபுணர்கள் வர ஆரம்பித்ததும், அவர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலைக்கு என்னைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் வருவதை இந்தியில் சொல்ல வேண்டும், இந்தியில் வருவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எட்டு மாடிக் குடியிருப்பில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைப் படிக்காமல் விட்டுவிடலாம். லாரி போனாலே கண் விழிக்கிறவர்கள் மட்டும் என்னோடு வாருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

வெயிலில் டீ

ஜப்பானிலிருந்து வந்த மொரியாமா அதிகம் பேச மாட்டார். பையில் ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். தூணைத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், அடுத்த தூணுக்குப் போவார். ஒரு பழைய ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனேன். வார்டு நிறைந்து, வராந்தாவிலும் நோயாளிகள் படுத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய்த் தட்டிக்கொண்டே வந்தவர், கடைசித் தூணில் நின்றுவிட்டார். 'டங்' என்று வர வேண்டிய சத்தம் 'பொத்' என்று வந்தது. அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பொக்கையான அந்தத் தூண்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் தன் அறையில் டீ வைத்திருந்தார். மொரியாமா உள்ளே வர மறுத்து, தோட்டத்தில் பேசலாம் என்றார். மே மாத வெயிலில் மூன்று பேரும் கோப்பையோடு நின்றோம். தன் அக்கா நர்ஸாக இருந்தவர் என்றும், பூகம்பத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இறந்துபோனார் என்றும் மொரியாமா அப்போதுதான் சொன்னார். நான் அதை இந்தியில் சொன்னேன். டாக்டர் டீயைக் குடிக்கவில்லை. அந்த வாரமே தொட்டியைக் காலி செய்ய வைத்தவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு வராந்தாவைப் பார்த்தபடி அவர் என்னிடம் கேட்டார். "நாம வெளியே வந்துட்டோம் மேடம். படுத்திருக்கிறவங்க எப்படி வருவாங்க?"

பக்கா

இந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கோல் மார்க்கெட் பக்கத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரும்பு பீரோவைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினேன். கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன். வாசலில் ஒரு பையில் டார்ச், பிஸ்கட், தண்ணீர், செருப்பு. என் கணவர் சுந்தரம் சட்டை எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் சங்கிலியில் இடித்துக்கொள்வார், என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடியதெல்லாம் பாத்ரூமை நோக்கித்தான். தலையில் ஷாம்பு நுரையோடு இருந்த என் மகள் செல்வியைத் துண்டில் சுற்றித் தெருவுக்கு இழுத்து வந்தேன். அங்கே ரோடு ரோலர் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சர்தார்ஜி பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றார். தில்லியில் பிறந்த பிள்ளை, இழுப்பதை இந்திக்காரர்கள் போல 'கீச்சுவது' என்பாள், அவளுக்கு வாய்த்த தமிழ் அது: "மம்மி, பூகம்பம் வந்தா சாவேனான்னு தெரியாது. நீ இப்படி கீச்சினா பக்கா சாவேன்."

மிட்டாய்க் கடைத் தூண்

யமுனைக்கு அக்கரையில் நாலு மாடிக் கட்டடம். கீழே ஒரு மிட்டாய்க் கடை, மேலே குடித்தனங்கள். புது ஃப்ரிட்ஜ் உள்ளே போகவில்லை என்று கடைக்காரர் குப்தாஜி தூணில் பாதியைச் செதுக்கி எடுத்திருந்தார். வெளியே தெரிந்த துருப்பிடித்த கம்பியில் திருஷ்டிக்காக எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. மொரியாமா சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இதைத் தட்ட எனக்குத் தைரியமில்லை" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைக் கொஞ்சம் மென்மையாக்கி இந்தியில் சொன்னேன். குப்தாஜி சிரித்தார். இத்தனை வருஷம் நிற்கிறதே என்றார். எங்களுக்கு ஆளுக்கொரு ஜிலேபி கொடுத்தார். மொரியாமா அதைத் தெருவுக்கு வந்துதான் சாப்பிட்டார்.

மேல் மாடியில் ஒரு பெண் கொடியில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேனில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தச் சின்னச் சின்னச் சட்டைகள்தான் கண்ணில் நின்றன. நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. சொல்லலாம், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து குப்தாஜி ஸ்கூட்டரில் எங்கள் ஆபீஸுக்கே வந்து நின்றார். சிரிப்பு போயிருந்தது. முட்டுக் கொடுக்க என்ன செய்ய வேண்டும், எவ்வளவு கனத்தில் இரும்பு வாங்க வேண்டும், மேலே இருப்பவர்களை அதுவரை எங்கே தங்க வைப்பது என்று வரிசையாகக் கேட்டார். மொரியாமா படம் வரைந்து கொடுத்தார். என்ன ஆயிற்று திடீரென்று என்று கேட்டேன். "கடையைத் திறந்தா அந்தத் தூணுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியல பஹன்ஜி."

மேஜைக்கு அடியில்

பூகம்பம் வந்தால் ஓடக் கூடாது, மேஜைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் பல நாட்டு நிபுணர்கள் எங்கள் ஆபீஸின் மேல் மாடியில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்த நாளில் மின்விசிறி ஆடியது. தண்ணீர் கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசின. தரை என்னைக் கேட்காமல் ஒரு அடி நகர்ந்தது போல இருந்தது. அதன் பிறகு நான் யோசித்ததாக ஞாபகமில்லை. மாடிப்படியில் நெரிசலில் இருந்தேன். எனக்கு முன்னால், விளக்கிக்கொண்டிருந்த இத்தாலிக்காரர். பின்னால் எங்கள் டைரக்டர் சர்மாஜி. யாரோ என் செருப்பை மிதித்தார்கள், அதை விட்டுவிட்டேன். செல்வியின் பள்ளிக்கூடம் இரண்டு மாடி என்பது மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

கீழே போனதும் பள்ளிக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் யாரோ எடுத்து, பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்கள், விளையாடுகிறார்கள் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. மேலே போனால் மொரியாமா மேஜைக்கு அடியிலிருந்து வந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கெல்லாம் பழக்கம், பயமே இருக்காது என்றார் சர்மாஜி. நான் மொழிபெயர்த்தேன். மொரியாமா தலையசைத்து மறுத்தார். "பழகவே இல்லை. பயந்ததால்தான் அடியில் போனேன். நீங்கள் ஏன் போகவில்லை?"

ஒரே வார்த்தை

சுனாமிக்குப் பிறகு, தமிழ் தெரியும் என்பதால் கடற்கரை ஊர்களோடு போனில் பேசுகிற வேலையும் என்னிடம் வந்தது. ஒரு நாள் பகலில் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்ததாகச் செய்தி. ஒரு போனில் வெளிநாட்டு விஞ்ஞானி: அலை வர வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் தகவல் வர வேண்டும். இன்னொரு போனில் ஒரு மீனவ கிராமத்திலிருந்து தாலுகா ஆபீஸ் முருகேசன். விஞ்ஞானி சொன்னதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், கோயில் மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஓடச் சொல்லணுமா, இருக்கச் சொல்லணுமா?" என்றார்.

நான் சர்மாஜியைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். மொரியாமா மட்டும், போனில் முருகேசன் என்ன கேட்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன். "ஓடச் சொல்லுங்கள். அலை வராவிட்டால் நம்மைத் திட்டட்டும்" என்றார். சர்மாஜி மெல்லத் தலையாட்டினார். "ஓடச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. போனை முருகேசன் வைக்கவில்லை போலிருக்கிறது. மைக்கில் அவர் கத்துவதும், பெண்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், பாத்திரங்கள் உருளுவதும் தில்லியில் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தன. மத்தியானம் முழுக்கக் காத்திருந்தோம். கடல் வரவில்லை.

மறுநாள் திட்டு வாங்குவதற்காகவே முருகேசனுக்குப் போன் செய்தேன். ஜனங்கள் கோபமாக இருக்கிறார்களா என்று கேட்டேன். "கோபமெல்லாம் இல்லங்க மேடம். ஓடுறப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியல. திரும்பி வீட்டுக்குள்ள காலை வைக்கத்தான் ஒருத்தராலயும் முடியல."

இத்தனை வருஷத்தில் நான் மொழிபெயர்க்காமலே எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிந்த ஒரே விஷயம் பயம்தான் என்றாலும், அரசாங்கம் என்னவோ எனக்குச் சம்பளம் கொடுத்தது மற்றதையெல்லாம் மொழிபெயர்த்ததற்குத்தான்.